கண் வைக்காத மீன்

காக்களூர் தொழிற்பேட்டையில் பூவராகவனின் கண்ணாடிப் பட்டறைக்கு வெளிநாட்டு அருங்காட்சியகக் கடையொன்றின் ஆர்டர் வருவதுபோல் இருந்தது. எகிப்தில் மூவாயிரம் வருஷத்துக்கு முன் யாரோ ஒரு சீமாட்டி வாசனை எண்ணெய் வைத்திருந்த மீன் குப்பியின் படத்தை அனுப்பி, அதே அச்சில் விரல் நீள மீன் கேட்டிருந்தார்கள். மாதிரி பிடித்துவிட்டால், பேக்கிங்கில் இருக்கும் சுமலதாவுக்கு பர்னர் முன்னால் நிரந்தர இடம். பூவராகவனே சொன்ன வாக்கு அது.

பழவேற்காட்டுப் பெண் அவள். நீலக் கண்ணாடிக் குச்சியை நெருப்பில் இளக்கி, மஞ்சள் இழை சுற்றி, ஊசியால் இழுத்து அலை அலையாகச் செதில் வைத்தாள். நைல் நதியும் நம் ஏரி மாதிரிதான் மினுங்கும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு மீன்கள் ஆயின. கண்தான் பாக்கி. வெள்ளைப் பொட்டுக்குள் கறுப்புப் பொட்டு. பட்டறையில் அவளுக்கு மட்டுமே கைவந்தது.

“நிறுத்தும்மா! ராகு காலம் ஓடிக்கினு கீது,” என்றார் பூவராகவன். “கண்ணு தெறக்கிறத பன்னெண்டுக்கு மேல வச்சிக்கோ.”

“ஆறிட்டா மறுபடி நெருப்பு தாங்காது சார்.”

“சுடுசாம்பல்ல போட்டு வை. இன்னா, உங்க ஊர்ல படகுக்குக் கண்ணு எழுத நேரம் பாக்க மாட்டாங்களா?”

பார்ப்பார்கள். அவள் அப்பா பார்த்துத்தான் எழுதினார். மீன்களைச் சாம்பலில் புதைத்தாள்.

பன்னிரண்டு தாண்டியதும் கற்பூரம் காட்டிவிட்டு முதல் மீனை நெருப்பில் பிடித்தாள். டிக்கென்று தலை தெறித்து விழுந்தது. கடையின் ஏஜெண்டு மெர்சி அப்போதுதான் உள்ளே வந்தாள்.

“சூட்டோட சூடா முடின்னு காலைலேர்ந்து கத்திக்கினு கீறேன் மேடம். கேட்டாத்தானே!” என்றார் பூவராகவன். சுமலதா நிமிர்ந்து பார்த்தாள். அவர் அடுத்த மீனின் சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மெர்சி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். “இது நல்லாருக்கே! மண்ணுக்குள்ளேர்ந்து எடுத்த மாதிரி. கண்ணே வேணாம் சார்.”

“அதான் மேடம் என் ஐடியாவே.”

ஆர்டர் கிடைத்தது. மெர்சியின் கார் கிளம்பியதும் பூவராகவன் தன் மச்சான் முரளியைக் கூப்பிட்டார். “கண்ணு வேலை இல்லன்னா இதை யாரு வேணா செய்யலாம். நீ ஒக்காரு.”

“நான் செஞ்ச மீன் சார் அது,” என்றாள் சுமலதா.

“யாரு இல்லன்னு சொன்னா? பேக்கிங்கும் நீதானே பண்ணப்போற.”

திங்கட்கிழமை பர்னர் பக்கமிருந்து முரளியின் குரல் வந்தது. “யக்கா, வாலை எப்டிக்கா வளைக்கிறது?”

அவள் பேக்கிங் டேப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லாமலிருக்க அது வசதியாக இருந்தது.