அலையனைக் குறை சொன்ன டீச்சர்

சுபாஷிணி கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் காட்டாமல், குரலை மட்டும் வைத்து யூட்யூபில் சினிமா விமர்சனம் சொல்வாள். பேரைக்கூடச் சொல்வதில்லை. கேட்பவர்கள் நாலாயிரம் பேர் இருந்தால் அதிகம். அந்த வாரம் அவள் எடுத்துக்கொண்டது 'அலையன்'. சின்ன வயதில் வாரப் பத்திரிகையில் படக்கதையாக வந்தபோது வெட்டி ஒட்டிச் சேர்த்து வைத்த அதே அலையன், இப்போது பெரிய நடிகர் ஒருவர் நடித்து சினிமாவாக வந்திருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் அவள் விமர்சனத்தை மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். பாதிப்பேர் திட்டுவதற்கென்றே வந்த அந்த நடிகரின் ரசிகர்கள். வசவு அவளுக்குப் புதிதில்லை. கமெண்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றாள்.

'அரிசி குடோனுக்கு எதிர்ச் சந்து. மாடி வீடு. கொடியில் பச்சைப் புடவை காய்கிறது.'

அந்த வரிக்கு எழுநூறு பேர் லைக் போட்டிருந்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தாள். பால்கனியில் அம்மாவின் பச்சைப் புடவைதான் ஆடிக்கொண்டிருந்தது. புடவை மறைவில் நின்று எட்டிப் பார்த்தாள். குடோன் சுவரோரம் பைக்கைச் சாய்த்துக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். முப்பது வயதிருக்கும். மாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கும்போதே சந்துமுனையில் அம்மா வருவது தெரிந்தது. அம்மா கமலாக்ஷிக்கு முட்டுவலி. காய்கறிப் பையோடு பத்தடிக்கு ஒரு தரம் நின்றுதான் வருவாள். அவள் நின்ற இடத்துக்கு அவன் போனான். ஏதோ கேட்டான். அம்மா சிரித்தாள். பையை அவன் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வீட்டை நோக்கி நடந்து வந்தார்கள்.

செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

வாசலில் அவன் பையை சுபாஷிணியிடம் நீட்டினான். அம்மா படியேறத் தொடங்கும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில், வெகு மரியாதையாகச் சொன்னான்:

"டீச்சர், அந்த வீடியோ வேண்டாம். அம்மாவுக்கு முட்டுவலியாமே. தினமும் தனியா இந்த வழியா வர்றாங்க. பார்த்துக்கணும்."

கையிலிருந்த போனில், அவன் எதிரிலேயே வீடியோவை அழித்தாள். தன் போனில் சரிபார்த்துவிட்டு அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

"நல்ல பையனாக்கும். பையைக் கேட்டு வாங்கிண்டான்," என்றாள் அம்மா.

சுபாஷிணி படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கமலாக்ஷியின் முகம் வெளுத்தது. ஆட்டோ கூப்பிடு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றாள்.

"அவன் திரும்ப வந்தான்னா?"

"வருவான். அதுக்குத்தான் இப்பவே போகணுங்கறேன்."

வழியெல்லாம் பின்னால் கேட்ட ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் மகள் அம்மாவின் கையை இறுக்கினாள். ஸ்டேஷனில் ஒரு பெண் எஸ்.ஐ., படத்தைப் பற்றி அப்படி என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். அவள் நல்லதிலிருந்து தொடங்கினாள். காயல் தண்ணீருக்கடியில் நடக்கும் சண்டை படக்கதையின் கட்டங்களை அப்படியே உயிரோடு எழுப்பியிருந்தது. வீட்டை இழந்த வில்லனுக்கு ஒரு நியாயம் இருந்தது. குறை என்றால், பத்திரிகையில் அலையன் ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் குதிக்குமுன் நடுங்குவான், நடுங்கிக்கொண்டே குதிப்பான். சினிமாவில் ஒரு தடவைகூடப் பயப்படவில்லை, அதனால் அவன் ஜெயித்தபோது நமக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் பாதியில் அவனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காகவே அவன் அம்மாவைக் கொன்றுவிட்டார்கள்.

"இவ்வளவுதானா?" என்றார் எஸ்.ஐ.

"இவ்வளவுதான்."

அவர் அத்தனையும் எழுதிக்கொண்டார்.

குடோன் கேமராவில் பைக் நம்பர் கிடைத்தது. புதன்கிழமை அவனைப் பிடித்தார்கள். அவளிடம் பத்தாம் வகுப்பில் படிக்கும் கங்காவின் அண்ணன். தங்கையின் போனுக்கு டீச்சர் அனுப்பும் ஆடியோ பாடங்களைக் கேட்டுக் கேட்டுக் குரலை அடையாளம் கண்டு, அந்த வரியையும் அவனே எழுதியிருக்கிறான். சும்மா மிரட்டத்தான் வந்தேன் என்று ஸ்டேஷனில் அழுதானாம். கங்கா அந்த வாரம் முழுக்க வகுப்பில் தலை நிமிரவில்லை. சுபாஷிணிக்கோ, லைக் போட்ட எழுநூறு பேரும் இன்னும் வெளியில்தான் இருக்கிறார்கள் என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து அதே வீடியோவை, ஒரு வார்த்தை மாற்றாமல், திரும்பப் போட்டாள். அதற்குமுன் அம்மாவும் மகளும் மாறி மாறி எழுந்து கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தார்கள். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, மகள் பேசியதை முதல் தடவையாக முழுசாகக் கேட்டாள். நடுவில் நிறுத்தச் சொல்லி, அந்த வில்லனைப் பற்றி இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றாள்.