மேற்படி

எட்டு வருடமாக ஊரே நம்பிய கதை இது. போரில் காணாமல்போன ராணுவப் படகு மூழ்கவில்லை. அதில் போன வானொலிப் பிரிவின் முப்பத்தொரு பேரும் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார்கள். மேலிடமே அவர்களைப் பிடித்து எங்கோ உயிரோடு பூட்டி வைத்திருக்கிறது. அதில் ஒருவர் என் அத்தான். அக்கா இறப்புச் சான்றிதழை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டாள். ஞாயிறுதோறும் அவருடைய சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவாள்.

விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார்கள். ஆதாரங்களை அலசிக் குறிப்பு எழுதும் வேலை, ஆவணக் காப்பக எழுத்தரான என் தலையில் விழுந்தது. "உன் கையெழுத்துதான்யா படிக்கிற மாதிரி இருக்கு" என்றார் அதிகாரி. பெரிய காரணம்தான்.

முதல் ஆதாரம் ஒரு ஓட்டுநர். அவர்களை மூடிய லாரியில் பார்த்தாராம். அன்றைக்கு ஐயா பல் பிடுங்கிக்கொண்டு விடுப்பில் இருந்திருக்கிறார். அடுத்தது ஒரு புகைப்படம். அதில் தெரிவது மூக்கா, மரக்கிளையா, கடவுளுக்கே வெளிச்சம். இதை வைத்துக்கொண்டுதான் எட்டு வருடம் காது குத்தியிருக்கிறார்கள்.

மூன்றாவதை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. படகு போனது ஏழாம் தேதி. ரேஷன் பதிவேட்டிலோ இருபத்தாறாம் தேதிவரை அந்தப் பிரிவுக்கு முப்பத்தொரு பேர் சாப்பாடு. செத்தவன் சாப்பிடுவானா என்று பத்திரிகைகள் கேட்டன. அக்காவும் அதையேதான் கேட்பாள்.

செவ்வாய்க்கிழமை அசல் பதிவேடு வந்தது. ஏழாம் தேதிக்குக் கீழே பத்தொன்பது வரிகள். எல்லாவற்றிலும் ஒரே சொல்: மேற்படி. ஒன்றில்கூட 'ற்'க்குப் புள்ளி இல்லை. அது என் கையெழுத்து.

போரின்போது நான் கிடங்கில் குமாஸ்தா. எங்களுக்குப் பிரிவின் எண்தான் தெரியும், ஆட்களைத் தெரியாது. ஆள் குறைந்தால் மாற்றுச் சீட்டு வரும். வராவிட்டால் மேற்படி என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவோம். இந்தச் சீட்டு பத்தொன்பது நாள் தாமதமாக வந்திருக்கிறது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். டீதான் வந்தது. குடித்தேன்.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுதினால் விசாரணைக் கோப்பை மூடிவிடுவார்கள், அக்காவுக்கு அத்தான் செத்துப்போவார். எழுதினேன். கையெழுத்துப் போடாமல் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

"அக்கா, அந்த ரேஷன் பதிவேட்ட எழுதினது நான்தான்."

ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

"சீட்டு வரல. அதனால மேற்படின்னு போட்டுக்கிட்டே போயிட்டேன். அவங்க யாரும் சாப்பிடலக்கா."

அடுப்பை அணைத்தாள். "அப்போ பத்தொன்பது நாள் சாப்பாட்ட யாரு சாப்பிட்டா?"

"வாங்கிட்டுப் போக ஆள் வரல. கெட்டுப்போயிடுமேன்னு கிடங்குல நாங்களே..."

"நீயுமா?"

"நானும்தான். யாரோடதுன்னு அப்போ தெரியாதுக்கா."

குறிப்பை வாங்கிப் படித்தாள், கடைசி வரி வரைக்கும்.

"கையெழுத்துப் போடலியா?"

"இல்ல."

"போடு."

போட்டேன். தட்டை என் முன்னால் வைத்தாள். இரண்டு ரொட்டி வைத்தவள், யோசித்து இன்னும் ஒன்று வைத்தாள்.

"போதும்க்கா."

"சாப்பிடு. அவரு பங்க சாப்பிட்டுப் பழக்கம்தானே உனக்கு."

சாப்பிட்டேன்.