இரண்டு நட்சத்திரக் குறிகள்

துயலோ என்பது எங்கள் குடும்பத் தலைவர் பட்டம். சவாயி தீவில் அந்தப் பெயரைச் சொன்னால் கூட்டம் விலகி வழிவிடும். இப்போது அது என்னுடையது. லெவாசா வீட்டார் அதற்காக வழக்காடித் தோற்றவர்கள்.

அன்று காலை எங்கள் குடும்ப இணையதளத்தில், பட்டத்துக்கு உரியவர் என்ற இடத்தில் லெவாசாவின் படம் இருந்தது. ஆக்லாந்திலிருந்துகூடச் சொந்தக்காரர்கள் போனில் சிரித்தார்கள்.

"சைட்டுக்குள்ள பூந்து மாத்திட்டானுங்கண்ணே!" என்று தம்பி மாலோ தேங்காய்க் கத்தியோடு ஓடினான். லெவாசாவின் மகன் தோமா பன்றிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். முதல் வெட்டு தோளில் விழுந்தது. இரண்டாவதைத் தடுத்த கையில் எலும்பு தெரிந்தது. தோமாவின் ஆட்கள் மாலோவின் மண்டையை உடைத்து, எங்கள் வீடுவரை துரத்திவந்து, எங்கள் வண்டியைக் கொளுத்தினார்கள்.

கூரையில் கல் விழ விழ, என் அக்கா மகள் லுபே எந்தப் பக்கத்தை எங்கிருந்து எடுப்பது என்று தளத்துக்குச் சொல்லும் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பை வரி வரியாகப் பார்த்தாள். தளத்தைப் பராமரிப்பவள் அவள்தான்.

"யாரும் உள்ள வரல மாமா. நேத்து நான்தான் தேடுற பாதையில ஒரு நட்சத்திரக் குறியை ரெண்டாக்கினேன். ஒண்ணுன்னா அந்த ஃபோல்டரை மட்டும் பார்க்கும். ரெண்டுன்னா உள்ளுக்குள்ள இருக்கிற ஃபோல்டர் எல்லாத்துலயும் அடிவரைக்கும் போகும். வழக்கு ஃபோல்டர்ல அவங்க தாக்கல் பண்ணின பக்கம் கிடக்கு. நம்ம பக்கத்துக்கும் அதுக்கும் ஒரே பேரு. அதை எடுத்துக் காட்டிருச்சு."

ஒரு நட்சத்திரத்தை அழித்தாள். என் படம் திரும்பி வந்தது.

"வாய மூடிட்டு இரு. அவனுங்க செஞ்சதாவே இருக்கட்டும்," என்றான் மாலோ, தலைக்கட்டைப் பிடித்துக்கொண்டு.

"பொய்ய அடைகாக்க நான் என்ன கோழியாடா? எழுந்திரு," என்றேன்.

குடும்பத்தின் விலைமதிப்பற்ற மெல்லிய பாயை, என் தாயின் கல்யாணத்துக்குச் சீராக வந்ததை, எடுத்தேன். லெவாசா வீட்டு முன்னால் மாலோவை மண்டியிட வைத்து, பக்கத்தில் நானும் மண்டியிட்டு, இருவர் தலைக்கும் மேல் பாயைப் போர்த்தினேன். தீவின் வழக்கப்படி, பாயை அவர்கள் விலக்கினால் மன்னிப்பு. விலக்காவிட்டால் கத்தி.

வெயில் ஏறியது. ஒரு கல் என் விலாவில் விழுந்தது. இன்னொன்று முதுகில்.

"தப்பு எங்க வீட்டுல. எங்க சைட்டுக்குள்ள யாரும் வரல," என்று பாய்க்குள்ளிருந்தே உரக்கச் சொன்னேன்.

பாய் விலகியது. தோமா. ஒரு கை கட்டுக்குள். மறு கையால் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். உதடு கிழிந்தது. மாலோ துள்ளி எழுந்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்து மறுபடி மண்ணில் அழுத்தினேன்.

"இப்ப உள்ள வாங்க," என்றான் தோமா.