புனிதர் காட்டிய மாப்பிள்ளை

கலந்தரியன் மாளிகையின் பெரிய கூடத்தில் ஆறு அநாதைப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முந்தின நாள் உப்பு ரொட்டி தின்றது. அதன் பிறகு சொட்டுத் தண்ணீர் இல்லை. அன்று இரவு கனவில் எவன் தண்ணீர் கொடுக்கிறானோ அவனே புருஷன். புனித சர்கிஸ் காட்டினால் மறுபேச்சு கிடையாது. டிஃப்லிஸ் நகரத்து ஆர்மீனியர்களிடம் அவர் திருநாளில் வீட்டுக்கு வீடு நடப்பதுதான். இந்த வீட்டில் மட்டும் விருந்தாளிகள் முன்னால் நடந்தது. புனிதர் ஆளைக் காட்டிய பெண்ணுக்கு மாளிகை எஜமானி ஹெரிக்னாஸ் அம்மாள் சீதனம் கொடுப்பாள்: தையல் மெஷின், மெத்தை, லாயத்துக்கு மேலே ஓர் அறை. பெண்கள் வளர்ந்த விடுதியும் அவள் கட்டியதுதான்.

ஷூஷனுக்கு இது கடைசி வருஷம். ஈஸ்டர் கழிந்தால் விடுதியை விட்டுப் போக வேண்டும். இந்த வீட்டு வண்டிக்காரன் வகார்ஷ் அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான்; வெறுங்கையோடு வராதே என்றும் சொல்லியிருந்தான். அவளுக்குக் கனவே வரவில்லை. அதனாலென்ன, கேட்டால் சொல்ல அவன் பெயர் இருக்கிறது.

முதல் நான்கு பேரும் முகம் தெரியாத யாரையோ கண்டிருந்தார்கள். அடுத்தவள் தாகுஹி, ஷூஷனின் பக்கத்துக் கட்டில்காரி. வகார்ஷைப் பற்றி ஷூஷன் வாய் திறந்தது அவளிடம் மட்டும்தான்.

"உனக்கு யாருடி தண்ணி குடுத்தது?" என்றாள் அம்மாள்.

"நம்ம வண்டிக்கார வகார்ஷ்மா." தாகுஹி திரும்பிப் பார்க்கவில்லை.

கூடம் கலகலத்தது. "குதிரையில வர்ற புனிதரு குதிரைக்காரனத்தானே காட்டுவாரு!" என்றார் ஒரு விருந்தாளி.

"நீ சொல்லு, ஷூஷன்."

ஒரே ஆளைப் புனிதர் இருவருக்குக் காட்டமாட்டார். பிந்திச் சொல்பவள்தான் பொய்க்காரி.

"யாரும் வரலம்மா."

"இவ மூஞ்சியப் பாத்ததும் தண்ணியக் கீழ ஊத்திட்டு ஓடிட்டான் போல!" என்றார் இன்னொரு விருந்தாளி.

வகார்ஷை அழைத்து வந்தார்கள்.

"தாகுஹி கனவுல உன்னைத்தான் கண்டாளாம். சம்மதமா?" என்றாள் அம்மாள்.

அவன் ஷூஷனைப் பார்த்தான். பிறகு தையல் மெஷினைப் பார்த்தான்.

"உங்க இஷ்டம்மா."

ஷூஷன் அழுவது அம்மாளின் கண்ணில் பட்டது. உருகிவிட்டாள்.

"அழாதடி. உன்னையும் கைவிட மாட்டேன். ஈஸ்டருக்கு அப்புறம் இங்கேயே சமையலறையில வேலை செய். படுக்க இடம்தான் இல்ல. தாகுஹி ரூம்லயே ஓரமா படுத்துக்கோ. நடுவுல ஒரு திரை கட்டிக்கலாம். சிநேகிதிங்கதானே?"

"இந்த மனசு யாருக்கு வரும்!" என்றார்கள்.

ஷூஷன் குனிந்து அம்மாளின் கையை முத்தமிட்டாள். உதட்டு வெடிப்பிலிருந்து ரத்தம் விரலில் ஒட்டியது. அம்மாள் முகம் சுளிக்காமல் துடைத்துக்கொண்டாள். அதையும் கூடம் மெச்சியது.