மார்க்கர் போட்ட கோடு

டாட்டூ கடைக்காரிக்குக் கோபம் வந்தால் கூரைமேல் இருக்கும் காக்கை அடுத்த தெருவுக்குக் குடிபோய்விடும். அன்றைக்கு அது நாட்டை விட்டே போயிருக்க வேண்டும்.

நாற்காலியில் தபால்காரம்மா கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பணி ஓய்வின் நினைவாக மணிக்கட்டில் ஒரு புறா வேண்டுமாம். மெஷினுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டாயிற்று. ஊசி புதுசு. சின்னக் கிண்ணத்தில் மை. மிச்சம், ஊசியைத் தாங்கும் ஸ்டீல் பிடி மட்டும்தான். நேற்று வேறொருவர் ரத்தம் பட்ட பிடி அது. கழுவி, பையிலிட்டு, டேப் ஒட்டி, ஆட்டோகிளேவுக்குள் வைப்பது அண்ணன் வேலை. பிரஷர் குக்கருக்குப் பெரியப்பா முறையான அந்த மெஷினில் ஆவி பட்டு வெந்தால்தான் டேப்பிலுள்ள வெளிறிய கோடுகள் கறுக்கும்.

கறுத்துத்தான் இருந்தன. ஆனால் பையை எடுத்தபோது ஸ்பிரிட்டில் நனைந்த அவளுடைய வெள்ளைக் கையுறையில் கறுப்பு ஒட்டியது. தேய்த்தாள். கோடு மொத்தமும் வழிந்துவிட்டது.

"அண்ணா!"

மை பாட்டில்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. ஏசிக்கு நேர் கீழே மீசை சீவிக்கொண்டிருந்த அண்ணன் திரும்பினான்.

"இது வெந்துச்சா?"

"கோடு கறுப்பா இருக்கே, தெரியல?"

"கோட்ட ஆவி போட்டுச்சா, நீ போட்டியா?"

அண்ணன் சட்டைப் பையைப் பொத்தினான். மார்க்கரின் தலை எட்டிப் பார்த்தது.

"ஏசியையும் அதையும் சேர்த்துப் போட்டா ஃபியூஸ் போகுதும்மா. ஏசி இல்லாட்டி யாரு வருவா? வெந்நீர்ல நல்லாக் கழுவினேன். நேத்து ஒரு நாள்தான். என்ன ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகாதுல்ல? கைய நீட்டு."

பையைக் கிழித்தாள். பிடியை மாட்டினாள், ஊசியைச் செருகினாள், மிதியை அழுத்தினாள். மெஷின் ஆயிரம் குளவியாகச் சீறியது. அண்ணன் மூன்றே எட்டில் வாசலில் நின்றான்.

"எவன் ரத்தமோ! எனக்கெதுக்கு?"

"உன் தோலுக்கு ஆகாதது அவங்க தோலுக்கு ஆகுமா? என்னை நம்பித்தானேடா கைய நீட்டியிருக்காங்க!"

அண்ணனுக்கு 'டா' விழுந்தது பிறந்ததிலிருந்து அதுவே முதல் தடவை.

தபால்காரம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள். "தம்பி, தபால் முத்திரைய நான் பேனாவால வரைஞ்சிருந்தா முதல் வாரமே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

மிச்சமிருந்த பதினைந்து பைகளையும் கடைக்காரி கிழித்துப் போட்டாள். எல்லாப் பிடிகளையும் தானே கழுவி, புதுப் பையிலிட்டு உள்ளே வைத்தாள். ஏசியை அணைத்தாள். ஆட்டோகிளேவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு அண்ணனை உட்கார வைத்தாள். ஒரு மணி நேரம். மீசை நனைந்து தாடியானது. தபால்காரம்மா செய்தித்தாளை மடித்து விசிறினாள், தனக்கு மட்டும்.

"கறுத்துடுச்சும்மா," என்றான் அண்ணன், பையை நீட்டி.

கடைக்காரி பையை வாங்கினாள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு கோடாகத் தேய்க்கத் தொடங்கினாள்.