கை தூக்கும் வரை

"கேப்டன், வண்டியை ஓரங்கட்டு," என்றார் படகின் முன்பக்கத்திலிருந்து அவள் கணவர்.

"பேருக்குத்தான் கேப்டன். டீ போடுறதும் நான், படகு கழுவுறதும் நான்," என்றாள் அவள். பயணிகள் எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவள் எஞ்சினை அணைத்தாள்.

அலையாத்திக் காட்டுக்குள் அழைத்துப்போகிற எல்லாரும் பறவை காட்டுவார்கள். அவர் ஐந்து நிமிடம் சத்தமில்லாமல் உட்காரவும் வைப்பார். "நான் கையைத் தூக்குற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. என் வீட்டுக்காரியும் சேர்த்துத்தான். ஒரு நாளைக்கு எனக்குக் கிடைக்கிற நிம்மதியே இவ்வளவுதான்." சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பி, கூரைக் கம்பியில் சாய்ந்துகொண்டார்.

வேர்களுக்கிடையே நண்டுகள் சேற்றைக் கிளறும் சத்தம் கேட்டது. நீர்நாய் ஒன்று குட்டியோடு வாய்க்காலைக் கடந்தது. யாரும் மூச்சுவிடவில்லை. பார்த்தாயா என்று அவர் முதுகே சொல்வது போல் இருந்தது அவளுக்கு.

ஐந்து நிமிடம் எட்டாயிற்று. கை எழவில்லை. மனுஷனுக்கு இன்றைக்குப் பேராசை என்று நினைத்தாள். தண்ணீர் கடலுக்கு வடிந்துகொண்டிருந்தது, இன்னும் தாமதித்தால் வளைவில் படகு தரைதட்டிவிடும். பத்து. பன்னிரண்டு. வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்தாள். அவர் கட்டிக் காக்கிற அமைதியைத் தானே கலைக்க மனம் வரவில்லை.

நீரோட்டம் படகை லேசாகத் திருப்பியது. அவர் தலை அதோடு சரிந்தது, திரும்ப நிமிரவில்லை.

அவள் பயணிகளுக்கு நடுவே கால் வைத்து முன்னே போனாள். ஒருவர் அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

"என்னங்க, போதும்," என்று தோளைத் தொட்டாள். கண்கள் திறந்திருந்தன.

பயணிகளில் ஒரு நர்ஸ் இருந்தாள். அவரைப் பலகையில் கிடத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். "எவ்வளவு நேரமா இப்படி இருக்காரு, அக்கா?"

பன்னிரண்டு நிமிடமும் அவர் முதுகையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுக்குத் தெரியவில்லை.

எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. வளைவைத் தரைதட்டாமல் கடந்தாள். துறை நெருங்கியபோது நர்ஸ் கையை எடுத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

துறையில் அடுத்த சுற்றுக்கு ஆறு பேர் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார்கள்.