ஏழாம் குளத்துக்குச் சோயா

எங்கள் பண்ணையில் ஏழு குளங்கள். ஆறு குளத்து மீன்கள் மீன் தூள் கலந்த தீவனம் தின்றுகொண்டிருந்தன. ஏழாம் குளத்து மீன்கள் என் சோயாத் தீவனத்தைத் தின்றால் தீவனக் கொட்டகை எனக்கு. தின்னாவிட்டால் நான் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும். "எப்ப பிடிப்பீங்க, எவ்ளோ பெருசு இருக்கும்" என்று நாள் முழுக்கக் கேட்கிறவர்களுக்கு இனிக்க இனிக்கப் பதில் சொல்ல என்னால் ஆகாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பண்ணை என் நாத்தனாருடையது. வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கறாரான ஆள். மீன் தூள் மூட்டை வர வர பாதி மணலாக வருகிறது, கடலில் இருக்கிற பொடி மீனையெல்லாம் அள்ளி அரைத்து இங்கே வளர்கிற மீனுக்குப் போடுவது என்ன நியாயம் என்று நான் நச்சரித்து நச்சரித்துத்தான் இறங்கி வந்தார்.

"பத்து நாள் தரேன். மீன் சாப்பிடலேன்னா கொட்டகையைப் பூட்டிட்டு ரெடிமேட் தீவனம் வாங்கிடுவேன். நீ போன் பக்கம் வந்துடணும்."

குளங்களுக்குத் தீவனம் போடுகிறவர் என் வீட்டுக்காரர். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மீனுக்கு சைவச் சாப்பாடா? மீன் திங்காதது என்னடி மீனு?"

"ஆடு என்ன ஆட்டுக்கறியா திங்குது? அது ஆடு இல்லையாங்க?"

சோயாவைப் பக்குவமாக வறுத்தேன். பச்சையாகப் போட்டால் மீனுக்குச் செரிக்காது. அரைத்து, கடலைப் புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் எண்ணெய், சத்துப் பொடி சேர்த்துப் பிசைந்து, மெஷினில் குச்சி குச்சியாகப் பிழிந்து காயவைத்தேன். பழைய தகர வாளியில் மீன் தூள் வாடை ஊறிப்போயிருந்தது. அந்த வாடைக்குத்தான் தின்றது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே! ஏழாம் குளத்துக்கென்றே பச்சை பிளாஸ்டிக் வாளியும் குவளையும் வாங்கினேன். என் முன்யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் நாள் அவர் போட்ட தீவனம் அது பாட்டுக்கு மூழ்கிப்போனது. ஒன்றிரண்டு மீன்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. தின்றதா என்று பார்க்கக் குளத்துக்குள் ஒரு தட்டைத் தொங்கவிட்டிருப்போம். சாயங்காலம் தூக்கினால், அத்தனையும் ஊறி உப்பிக் கிடந்தது. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

"நான் சொல்லல?" என்பார் அவர், தினமும், தட்டு மேலே வருவதற்கு முன்பே.

எட்டாம் நாள் அண்ணி ஆபீஸ் போனைத் துடைத்து வைத்தார். நான் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு ஆசை எனக்கு அந்தக் கொட்டகை மேல்.

ஒன்பதாம் நாள் ஏழாம் குளத்துக் கரையில், ஆற்றாமை தாங்காமல் பச்சை வாளியை ஓர் உதை விட்டேன். உடைந்தது. சத்தம் கேட்டு, காலித் தகர வாளியோடு அவர் வந்து நின்றார்.

"வாளி என்னடி பண்ணுச்சு, பாவம்!"

அந்த வாளியையும் பிடுங்கிப் படிக்கல்லில் ஓங்கிப் போட்டேன். டங்!

குளம் கலங்கியது. முதலில் ஓரத்தில், பிறகு நடுவிலிருந்தும் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு முண்டியடித்து வந்தன. தண்ணீரில் இன்னும் ஒரு குச்சிகூட விழவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷமாக இவர் தீவனம் போடுவதற்கு முன்னால் தகரக் குவளையால் வாளி விளிம்பில் மூன்று தட்டு தட்டுவார். பிளாஸ்டிக்கில் சத்தம் வராததால் விட்டுவிட்டார். கூப்பிடாத விருந்துக்கு யார் வருவார்கள்? சுத்தம் பார்க்கிறேன் என்று என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கரையில் இருந்த சோயாத் தீவனச் சாக்கிலிருந்து நேராகக் கையால் அள்ளி வீசினேன். விழுந்த இடமெல்லாம் தண்ணீர் கொதித்தது.

"மீன் தூளைக் கலந்துட்டா! அக்கா, இங்க வா!" என்று கத்தினார் அவர்.

அண்ணி வந்தார். சாக்கை முகர்ந்தார். ஒரு குச்சியை வாயில் போட்டு மென்றார்.

"மீன் வாடையே இல்லடா. உப்புதான் கம்மி."

பத்தாம் நாள் சாயங்காலம் தட்டு துடைத்து வைத்ததுபோல் மேலே வந்தது. அண்ணி அதில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும். அடுத்தது ஆறாம் குளம்."

சொல்லி வாய் மூடவில்லை, ஆபீசில் போன் அடித்தது. அண்ணி தம்பியைப் பார்த்தார்.

"என்ன முழிக்கறே? போய் எடு."

"நானா? அப்ப தீவனம் யாரு போடறது?"

"வாளியைத் தட்டத்தானே? அவ தட்டுவா."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது.

"ஆமாங்க, சோயாதாங்க! மீன் திங்குமான்னா கேக்கறீங்க? நான் அன்னிக்கே சொன்னேங்க!"